இரண்டு பேரேடுகள்

கோவை விமான நிலையத்தில் இறங்கியபோது நண்பரே வந்து காத்திருந்தார். திருப்பூரில் பனியன் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறவர் அவர். ஆயிரம் வேலைகளுக்கு இடையே அவர் நேரில் வந்தது என்மேல் உள்ள அன்பினால் மட்டும் அல்ல, புதிதாக வாங்கிய காரைக் காட்டும் ஆசையினாலும்தான் என்பது சிறிது நேரத்தில் விளங்கிவிட்டது.

"ஏனுங்க, வண்டியைப் பாத்தீங்களா? இது கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கலாம். ஊருக்குள்ளே சுத்தற வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டியதில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. சரக்கு வாங்க வர்ற வெளிநாட்டுக்காரங்களை இதிலேதான் கூட்டிட்டு வர்றேன். அவங்களுக்கு ரொம்பத் திருப்தி" என்றார்.

சத்தம் இல்லை என்று அவர் சொல்லி முடிக்கவும், எஞ்சின் லேசாக உறுமிக்கொண்டு வண்டி புறப்படவும் சரியாக இருந்தது. நெடுஞ்சாலைப் பயணம் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். மோட்டார் விஷயத்தில் என் அறிவு அவ்வளவுதான்.

மூன்று நாட்கள் அந்தக் காரிலேயே சுற்றினேன். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, மங்கலம் ரோடு என்று எத்தனை திசைகளில் போனாலும் ஒரு நாளும் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியிருக்க மாட்டோம். எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டேதான் இருந்தது. ஊர் திரும்பும் நாளில் என் பெட்டியை வைப்பதற்காக டிரைவர் டிக்கியைத் திறந்தார். மூலையில் ஒரு கறுப்புப் பை கிடந்தது. அதற்குள் மலைப்பாம்புபோல் சுருண்டிருந்தது கனத்த ஒயர் ஒன்று. கார்க் கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"சார்ஜ் போடற ஒயருங்க ஐயா."

"பிரிக்கவே இல்லையே!"

டிரைவர் சற்றுத் தயங்கினார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர். முதலாளியைப் பற்றி விருந்தாளியிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற எல்லை தெரிந்தவர். "போர்ட்டிகோவிலே பிளக் பாயிண்ட் இல்லீங்க. இதுக்குப் பெரிய பாயிண்ட் வேணும், பதினஞ்சு ஆம்பியர். சாதா எக்ஸ்டென்ஷன் ஒயர்லே போட்டாச் சூடேறிப் போகும்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. வாசிங் மிசினுக்குப் போட்ட பாயிண்ட் பின்பக்கம் இருக்குது. அங்கே வண்டி போகாது. ராத்திரி ஒம்பது மணிக்கு வண்டியை நிறுத்திப்போட்டு நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கோணும். யாரு நின்னு போடறதுங்க?" பெட்டியை உள்ளே தள்ளி டிக்கியை மூடிவிட்டு, தாழ்ந்த குரலில் மேலும் ஒரு வாக்கியம் சொன்னார்: "பெட்ரோல் கம்பெனிக் கணக்குங்க. கரண்டு வீட்டுக் கணக்கு."

அந்த மூன்று நாட்களில் நான் கேட்ட பேச்சுகளில் எல்லாவற்றிலும் பொருள் நிறைந்தது இதுதான்.

இந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் வீதிகளில் 'ஹைபிரிட்' என்ற பெயரில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிளக் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சிறிய பாட்டரியில் சேமித்து எஞ்சினுக்குக் கைகொடுப்பவை அவை. 1997இல் ஜப்பானில் டொயோட்டா கொண்டுவந்த பிரியஸ் அந்த வழியில் முன்னோடி. நண்பருடைய கார் வேறு இனம். 2008இல் சீனாவில் பி.ஒய்.டி. கம்பெனியும், 2010இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் இந்த இனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. நம் நாட்டில் இன்னும் அபூர்வம்தான். இதில் பாட்டரி பெரியது. இரவில் சுவரில் செருகிவிட்டுப் படுத்தால் நாலைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதைக்கொண்டு 40, 50 கிலோமீட்டர், சில கார்களில் அதற்கு மேலும், பெட்ரோலைத் தொடாமல் போகலாம். பாட்டரி தீர்ந்தால் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். வண்டி நிற்பதில்லை.

செருகாவிட்டாலும் நிற்பதில்லை. வம்பே அங்கேதான் இருக்கிறது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் காருக்குச் சார்ஜ் போட மறந்தால், மறுநாள் காலையில் அது நம்மைத் தண்டித்துவிடும். இது தண்டிப்பதில்லை. எஜமானுடைய குற்றங்களை ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கிற பழைய வேலைக்காரனைப்போல், காலிப் பாட்டரியின் பளுவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பெட்ரோலிலேயே மௌனமாக ஓடிக்கொண்டிருக்கும். (மௌனமாக என்றா சொன்னேன்? உறுமிக்கொண்டு.)

சரி, செருகுவதில் நஷ்டம் ஏதாவது உண்டா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து யூனிட் மின்சாரம் ஆகலாம். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் ஏணிப்படி மாதிரி, மேலே ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். உச்சிப் படியில் வைத்துக் கணக்கிட்டாலும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதே தூரத்துக்கு அந்தக் கனமான கார் நாலு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் நானூறு. பாதிக்குப் பாதி லாபம்.

என் நண்பர் கணக்குத் தெரியாதவர் அல்லர். ஒரு பனியனுக்கு எத்தனை கிராம் துணி, கழுத்துப் பட்டிக்கு எவ்வளவு, தையல்கூலி எத்தனை பைசா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு பைசாவுக்காக மணிக்கணக்கில் பேரம் பேசுவார். பேசத்தான் வேண்டும், லட்சம் பனியனில் அந்தப் பைசா ஆயிரம் ரூபாய். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு இந்த இருநூறு ரூபாய் எப்படித் தப்பியது? வரவு ஒரு பேரேட்டிலும் செலவு மற்றொரு பேரேட்டிலும் விழுந்ததனால் தப்பியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கிற கை அந்த வீட்டிலும் இல்லை, அந்தக் கம்பெனியிலும் இல்லை.

இது திருப்பூர்க்காரரின் தனிக் குணம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில், கம்பெனிகள் தம் ஊழியருக்குக் கொடுத்த இந்த ரகக் கார்கள் சில திரும்பி வந்தபோது, ஒயர் உறை பிரியாமலே டிக்கியில் கிடந்தது என்று 2018இல் பத்திரிகைகள் எழுதின. ஐரோப்பாவில் இந்தக் கார்கள் எப்படி ஓடுகின்றன என்று ஆராய்ந்து 2022இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய பாதித் தூரத்தை, நூற்றுக்கு 45 முதல் 49 வரை, மின்சாரத்தில் ஓட்டினார்கள். கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 11 முதல் 15 வரைதான். கார் அதே கார்தான். பெட்ரோலுக்குப் பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் வித்தியாசம். 2024இல் ஐரோப்பிய ஆணையமே ஓர் அறிக்கையில், இந்தக் கார்கள் சாலையில் விடும் கரிவாயு பரிசோதனைக்கூடத்துக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஒப்புக்கொண்டது. பரிசோதனைக்கூடம் பொய் சொல்லவில்லை. மனிதர்கள் தவறாமல் செருகுவார்கள் என்று அது நம்பிவிட்டது.

ஆக, நண்பரின் காரில் ஏறித் திருப்தியடைந்த வெளிநாட்டுக்காரர், தம் ஊரில் தம்முடைய கார் டிக்கியிலும் அதே மாதிரி ஒரு பையை வைத்திருக்கக் கூடும். இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போகும் காட்சியை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நொய்யல் பாலத்தைக் கடந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

இதே ஊரின் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சாயப்பட்டறைக் கழிவைச் சுத்தப்படுத்துவதற்கு 1990களிலேயே நிலையங்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். கட்டிடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, வாசலில் பெயர்ப் பலகையும் இருந்தது. ஆனால் ஆற்றில் உப்பும் சாயமும் ஓடிக்கொண்டிருந்தன. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்க் குளமாக மாறிற்று. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிற்று. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிற்று. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படியே உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்ற கேள்வி போய், ஆற்றில் விழும் நீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி வந்த பிறகே, நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறைகள் முழு மூச்சாக நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு மின்சாரம், விறகு, ஆள் எல்லாமே செலவுதான். முன்பு அந்தச் செலவை மிச்சம் பிடித்தபோது, மிச்சம் ஒருவருடைய பேரேட்டில் ஏறியது. கெட்டுப்போன கிணறு வேறொருவருடைய பேரேட்டில் ஏறியது.

ஒரு காரின் ஒயரையும் ஓர் ஆற்றையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். வைக்கக் கூடாதுதான். எடை ஒன்று அல்ல. ஆனால் மனசு ஏமாறுகிற வழி ஒன்றாகத்தான் இருக்கிறது. நல்லதைச் செய்வதற்கான சாதனத்தை வாங்கியதுமே, நல்லதைச் செய்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்குப் பிறகு சாதனத்தின் உறையைப் பிரிக்கவும் தோன்றுவதில்லை.

நண்பரிடம் அன்று தொலைபேசியில் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை, வாதாடினார்.

"ரெண்டு வழி இருக்கோணும்ங்க. ஒண்ணை மட்டும் நம்பி இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. 2012இலே நாளிலே பாதி நேரம் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் இல்லாம இருந்திருந்தா நான் கம்பெனியை மூடிட்டுப் போயிருப்பேன்."

அவர் சொன்னது உண்மை. அந்த ஆண்டுகளில் திருப்பூர் ஊரே ஒரு ஹைபிரிட்டாகத்தான் ஓடிற்று. கம்பி வழியே மின்சாரம் வரும்போது அதில் தைத்தார்கள். நின்றதும் டீசலுக்கு மாறினார்கள். நெருக்கடிக்கு ஒரு மாற்று வைத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். நள்ளிரவில் ஒருவரைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பெட்ரோல் இருக்கட்டும்.

"கம்பியிலே கரண்டு வந்ததும் ஜெனரேட்டரை எவ்வளவு நேரத்திலே நிறுத்துவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்த நிமிசமே! டீசல் விலைக்கு ஓட விட்டுக்கிட்டா இருப்பாங்க?" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். டீசலும் மின்சாரமும் அவருக்கு ஒரே பேரேட்டில் இருந்தன.

அவரை நான் பொய்யர் என்று சொல்லத் துணியமாட்டேன். கரண்டிலும் ஓடும் என்றுதான் சொன்னார், ஓடுகிறது என்று சொல்லவில்லை. அந்த ஒரு விகுதிக்குள் எத்தனை பெரிய மனிதர்கள் வசதியாகக் குடியிருக்கிறார்கள்! நானும்தான் குடியிருக்கிறேன். என் வீட்டு மொட்டைமாடியில் சூரிய வெப்பத்தில் வெந்நீர் காய்ச்சும் தொட்டி ஒன்று உண்டு. மழைநாளுக்கென்று அதற்குள் மின்சாரச் சுருள் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் அந்த ஸ்விட்சு போட்டபடியே இருப்பதைத் திருப்பூரிலிருந்து திரும்பிய பிறகுதான் கவனித்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் தொட்டியைக் காட்டியிருக்கிறேன். ஸ்விட்சைக் காட்டியதில்லை.

மின்சாரம் மட்டும் என்ன, நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது என்று நண்பர் கடைசியாக ஓர் அஸ்திரம் விட்டார். அதிலும் உண்மை உண்டு. ஆனால் அவர் இருக்கும் இடம் வேறு. தமிழ்நாட்டில் நிறுவியுள்ள காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்பவையும் அவற்றில் உண்டு. அவற்றில் பல நூல்மில்காரர்களுக்கும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கும் சொந்தமானவை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அவை நன்றாகச் சுழலும். காற்று மிகுந்த நேரத்தில் அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் சில ஆலைகளை நிறுத்தி வைத்ததும் உண்டு. ஆடி மாதத்து இரவில் அவர் வீட்டுச் சுவரில் செருகும் ஒயருக்கு, அவர் சொல்லுகிற நிலக்கரி அவ்வளவு சொந்தம் அல்ல.

"ஒரு பிளக் பாயிண்ட்தானேங்க! நாளைக்கே போட்டுடறேன்" என்று முடித்தார்.

போட்டும்விட்டார். நாலு மாதம் கழித்து நான் மறுபடியும் போனபோது, போர்ட்டிகோத் தூணில் மூடி போட்ட அழகான பிளக் பாயிண்ட் இருந்தது. ஒயரும் உறையிலிருந்து வெளியே வந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கார் எஞ்சின் சத்தம் இல்லாமல் வந்து நின்றது. டிரைவர் முன்னைப்போல ஒன்பது மணிக்கே புறப்பட்டுக்கொண்டிருந்தார். போகும்போது ஒயரைச் செருகிவிட்டுப் போக அவருக்கு ஒரு நிமிஷம் போதுமாம்.

வீட்டுக்குள்தான் புயல். இரண்டு மாதக் கணக்கு எடுக்க வந்தவர் எழுதிய தொகையைப் பார்த்துவிட்டு, நண்பரின் மனைவி என்னையே நீதிபதியாக்கினார்.

"நீங்களே கேளுங்கண்ணா. வீட்டுச் செலவுக்கு இவர் கொடுக்கிறது அதே பணம். இந்த வண்டிக்குக் கரண்டும் நான் கட்டோணுமா?"

நண்பர் சிரித்துக்கொண்டே கம்பெனிக் கணக்கப்பிள்ளையை அழைத்தார். பெட்ரோலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இனி மாதாமாதம் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். முப்பது ஆண்டுகளாக அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் அவர். தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை.

"ஏன், என்ன யோசனை?" என்றார் நண்பர்.

"கொடுத்துடலாமுங்க. எந்தத் தலைப்பிலே எழுதறது?" என்று கேட்டார் அவர்.