குரல் கேட்டு மயங்கலாமா?

 

செயற்கை நுண்ணறிவு என்பது, மனிதர் எழுதியதையும் பேசியதையும் ஏராளமாகப் பயின்று அவ்வண்ணமே எழுதவும் பேசவும் வல்ல இயந்திர அறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கோப்பெங் கடைத்தெரு வரை அது வந்துவிட்டது. நம் அரசாங்கமும் 2024 டிசம்பரில் இதற்கெனத் தேசிய அலுவலகம் தொடங்கியது. மலாய் மொழியில் கடிதம் எழுதவும் சரக்குப் பட்டியல் போடவும் நமக்கு அது உதவுகிறது, அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால், அறியாததையும் அறிந்ததுபோல் அது சொல்லும். சிறிது பேச்சைக் கேட்டே ஒருவர் குரலையும் போலியாக்கும். சென்ற மாதம், "மாமூ, விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே 3,000 வெள்ளி அனுப்புங்கள்" என்று தங்கை மகன் குரலே கேட்டது. நம் கை பதறிற்று. எனினும் அனுப்புமுன் அவனுடைய பழைய எண்ணுக்கு அழைத்தோம். பிள்ளை ஈப்போவில் வேலையில் இருந்தான்!

நம்பத்தகாதவன் கொணரும் செய்தியை விசாரியாமல் ஏற்கலாகாது என்று ஸூரா அல்ஹுஜுராத்தின் 6-ஆம் ஆயத்து எச்சரிக்கிறதன்றோ? இயந்திரத்திற்கு மறுமையில் கேள்வி இல்லை, நமக்கு உண்டு. ஆகவே அது தரும் கணக்கைப் பேரேட்டோடு ஒப்பிடுவோம். பணம் கேட்கும் குரலை விசாரித்தறிவோம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழைப்போம்.

அல்லாஹுத்தஆலா நம் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.