பிறவாதவர்களுக்கான இருப்புப்பாதை

ரயில்பாதை ஒன்றின் செலவைச் சுமக்கும் தலைமுறையும் அதன் பயனை முழுமையாகத் துய்க்கும் தலைமுறையும் பெரும்பாலும் வேறுவேறாக இருப்பதால், பாதை அமைக்கும் எந்த முடிவுக்குள்ளும் அறவியலின் பழைய கேள்வி ஒன்று உறைந்திருக்கிறது: இன்னும் பிறவாதவரின் நலனை இன்று வாழ்பவரின் நலனுக்கு நிகராக எண்ண வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் திட்ட அறிக்கைகளில் இதற்குரிய விடை 'தள்ளுபடி விகிதம்' என்ற பெயரில் ஓர் எண்ணாகவே தரப்படுகிறது. வருங்காலப் பயனை இன்றைய மதிப்பில் கூறுவதற்காக, அது தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் குறிப்பிட்ட சதவீதம் குறைத்துக்கொண்டே வரும் கணக்குமுறை அது. கூட்டாட்சி அமைப்பான இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ்திரேலியா நெடுங்காலம் அடிப்படையாகக் கொண்டிருந்த 7 சதவீதத்தின்படி, 50 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 100 டாலர் பயன் இன்று 3 டாலர் 40 சென்ட்டுக்கு மேல் பெறாது. 100 ஆண்டுகள் கழித்துக் கிடைப்பதாயின் 12 சென்ட். நியூ சவுத் வேல்ஸ் கருவூலம் 2023இல் தன் விகிதத்தை 5 சதவீதமாகக் குறைத்தபோது, அதே ஐம்பதாண்டுப் பயனின் மதிப்பு ஏறத்தாழ 9 டாலராக உயர்ந்தது. வழிகாட்டி நூலில் ஓர் இலக்கம் மாறியவுடன் பேரப்பிள்ளைகளின் மதிப்பு இரண்டரை மடங்கானது என்பதைப் பொருளியலாளர்கள் இயல்பாக எடுத்துக்கொள்வதுதான் வியப்பு.

ஒருவர் எக்காலத்தில் வாழ்கிறார் என்பது அவருடைய இன்பத்தின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தத்துவவாதி ஹென்றி சிட்ஜ்விக் வாதிட்டார். பிற்கால இன்பத்தை அது பிற்காலத்தது என்பதற்காகவே குறைத்து மதிப்பது அறத்தின்படி நியாயப்படுத்த முடியாதது என்று கேம்பிரிட்ஜ் தத்துவவாதி ஃபிராங்க் ராம்சே 1928இல் எழுதினார். வருங்காலத்தவர் இன்றிருப்பவரைவிடச் செல்வராக இருக்கக்கூடும், அதே பணத்தை வேறிடத்தில் முதலிட்டால் வளரும், எதிர்பார்த்த பயன் கிட்டாமலே போகலாம் என்பன தள்ளுபடியை ஆதரிப்போர் கூறும் காரணங்கள். அவற்றுக்கு வலு உண்டு. ஆயினும் அவை பணத்தையும் இடரையும் பற்றியவையே அன்றி மனிதரின் மதிப்பைப் பற்றியவை அல்ல. இவற்றினும் கடினமான சிக்கலைத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் முன்வைத்தார். ரயிலும் காரும் தோன்றாதிருந்தாலும் தாம் பிறந்திருப்போம் என்று எத்தனை பேர் உறுதியாகக் கூற முடியும் என்பது அவர் கேள்வி. போக்குவரத்து மாறினால் யார் யாரைச் சந்திக்கிறார், யாருக்கு யார் பிறக்கிறார் என்பதும் மாறிவிடுவதால், பாதை அமைக்காததால் தீங்குற்றவர் இன்னார் என எவரையும் சுட்ட இயலாது. ஆனால் இதனால் கடமை நீங்கிவிடும் என்று பார்ஃபிட்டே கருதவில்லை. கடமை குறிப்பிட்ட ஒருவருக்கு உரியதன்று, அங்கே வாழப்போகிறவர் யாராயினும் அவருக்கு உரியது.

அப்படியானால் அவருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறோம்? சிட்னியின் பொறியாளர் ஜான் பிராட்ஃபீல்டின் பணி இதற்குத் துணைபுரிகிறது. 1926இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜேம்ஸ் நிலையத்தில், எதிர்காலப் பாதைகளுக்கென அவர் கூடுதல் நடைமேடைகளையும் சுரங்கங்களையும் அமைத்தார். அவற்றில் பயணிகள் ரயில் ஒருநாளும் ஓடவில்லை. இரண்டாம் உலகப் போரில் சுரங்கத்தின் ஒரு பகுதி வான்தாக்குதல் புகலிடமாக்கப்பட்டது. 1932இல் திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்தின் இருபுறமும் அவர் தண்டவாளங்களுக்கு இடம் விட்டிருந்தார். கிழக்குப்புறத்து டிராம் பாதை 1958இல் அகற்றப்பட்டுச் சாலைத்தடங்களாக்கப்பட்டது. முன்னோர் விட்டுச்சென்றதைப் பின்னோர் விரும்பியபடி கையாளுவர் என்பதையே இவை காட்டுகின்றன. ஆகவே முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட பயன் ஒன்றைவிட, தெரிவு செய்யும் வாய்ப்பை விட்டுச்செல்வதே உறுதியான கடமை என்று கொள்ளலாம்.

வாய்ப்பு காக்கப்படுவதற்கும் அழிவதற்கும் இடையிலான வேறுபாட்டை இரு நகரங்களில் காணலாம். பெர்த்தில் 1979இல் நிறுத்தப்பட்ட ஃப்ரிமேன்டில் பயணிகள் ரயில், தண்டவாளங்கள் பெயர்க்கப்படாதிருந்ததால், ஆட்சி மாறியபின் 1983இல் மீண்டும் ஓடியது. தவறான முடிவு நான்கே ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நியூகாசிலிலோ 2014 இறுதியில் நகர மையம் வரை வந்த ரயில் நிறுத்தப்பட்டு, 2019இல் இலகு ரயில் திறக்கப்பட்டபோது, அது பழைய ரயில்தடத்தை விட்டுப் பெரும்பாலும் தெருவழியே சென்றது. தடத்தின் நிலம் வேறு பயன்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கட்டடம் எழுந்துவிட்ட தடத்தை மீட்பது எளிதன்று. இந்த மீளாமையைத் தள்ளுபடி விகிதம் தனியே கணக்கில் எடுப்பதில்லை.

பிறவாதவருக்காக என்று கூறி வாழ்பவரை மறப்பதும் பிறவாதவரை மறக்கும் பிழையின் மறுபக்கம்தான். மெட்ரோவாக மாற்றப்படுவதற்காக 2024 செப்டம்பர் இறுதியில் சிட்னியின் பாங்க்ஸ்டவுன் பாதை மூடப்பட்டபோது, மாற்றுப் பேருந்துகளில் காலம் கழித்தவர்கள் நகரின் செல்வர்கள் அல்லர். மாற்றுத்திறனாளிகளின் நிலை இன்னும் கூர்மையானது. 1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ் 2002இல் வகுக்கப்பட்ட போக்குவரத்துத் தரநிலைகள், ரயில்களும் டிராம்களும் முற்றிலும் அணுகத்தக்கவையாக மாற 2032 இறுதிவரை அவகாசம் அளித்தன. பழைய வண்டிகள் நீண்ட ஆயுள் உடையவை என்பதால் அவகாசம் தேவைப்பட்டது என்ற விளக்கம் பொருந்துவதே. ஆனால் தரநிலை வந்த ஆண்டில் எழுபது வயதில், மெல்பர்ன் டிராமின் படிகளில் ஏற முடியாமல் நின்றவருக்கு, 2032இல் வயது நூறு.