பாதிரியார் துப்பறிந்தால்

துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தில் நமக்குக் கிடைக்கும் நிம்மதி எங்கிருந்து வருகிறது? நீதி வென்றதால் என்போம். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையைப் படித்தால் வேறு காரணம் தெரியும்: குற்றம் ஒருவன் தலையில் இறங்கியதும் மற்ற எல்லாரும், வாசகன் உட்பட, சுத்தமாகிவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. அகதா கிறிஸ்டியின் பெரும்பாலான நாவல்கள் இந்தப் பாவமன்னிப்பை மலிவாக விற்பவைதாம். (விரும்பிப் படிக்கிறேன் என்பது வேறு விஷயம்.)

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதிய, துப்பறியும் பிரவுன் பாதிரியாரின் கதைகளில் இந்த வசதி கிடையாது. 1911இல் முதல் தொகுதி வந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய அந்தக் குள்ளப் பாதிரியார் தடயத்தைவிட மனத்தையே துருவுகிறார். கொலைகாரனாகத் தன்னையே நினைத்துப் பார்த்துத்தான் கொலைகாரனைக் கண்டுபிடிப்பதாக 1927 தொகுதியில் சொல்கிறார். அகப்படுபவன் யாரோ ஒரு அந்நியன் அல்ல, நம்மில் ஒருவன். எல்லாரும் பாவிகள் என்றால் செத்தவனுக்கு என்ன நியாயம் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செய்யக்கூடியவனும் செய்தவனும் ஒன்று என்று பாதிரியார் எங்கும் சொல்வதில்லை. கொலையை அவர் சின்ன விஷயமாக்குவதும் இல்லை. தண்டனையோடு கணக்கு முடிந்தது என்பதைத்தான் ஏற்க மறுக்கிறார். 'கடவுளின் சம்மட்டி' கதையில் கொலை செய்தவனும் ஒரு மதகுருவே. உண்மை தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியை அவனிடமே விட்டுவிடுகிறார் பிரவுன். அவன் போய்த் தானாகவே சரணடைகிறான்.