யாருக்கு வைத்தியம்?

குழந்தைகள் மனநல ஆலோசகர் யாரைக் கேட்டாலும், பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் சொல்லும் இந்த வாக்கியத்தைச் சொல்வார்: "இவன எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க மேடம்." மிக்சியை ரிப்பேருக்குக் கொடுப்பதுபோல் விட்டுவிட்டுப் போகப் பார்ப்பார்கள். "என்னப்பா படிக்கிற?" என்று பையனைக் கேட்டால் பாட்டி பதில் சொல்வார். அதை அம்மா திருத்துவார். பையன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருப்பான். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

கஷ்டப்படுவது யார், வைத்தியம் யாருக்கு? இந்தத் தொழிலுக்கு வந்த நாள் முதல் என்னை விடாத கேள்வி இது.

இதே கேள்வியோடு மோதியவர், 1921இல் அர்ஜென்டினாவில் பிறந்த மனநல மருத்துவர் சால்வடோர் மினுச்சின். நியூயார்க்கில் வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில், போலீஸ், கோர்ட் எல்லாம் பார்த்துவிட்ட ஏழைப் பையன்களோடு வேலை செய்தார். விடுதியில் தேறியவன் வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆனான். சரி, வீட்டையே கூப்பிடுவோம் என்று முடிவெடுத்தார். பிறகு பிலடெல்பியாவில் குழந்தைகள் மையத்துக்குத் தலைமை ஏற்றபோது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்த பிள்ளையை எழுப்பி வேறு நாற்காலிக்கு மாற்றுவார். பெரியவர்கள் இருவரையும் நேருக்கு நேர் பேச வைப்பார். சாப்பிட மறுக்கும் பெண்ணின் குடும்பத்தோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதும் அங்கே சிகிச்சைதான்.

நாற்காலி மாற்றினால் நோய் போகுமா என்று சிரிக்கலாம். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. ஆனால் வலி நடிப்பு அல்ல, நிஜமாகவே வலிக்கும். விசாரித்தால், "வலிக்குது" என்று பிள்ளை சுருண்டு படுக்கும்போதுதான் வீட்டில் சண்டை நின்று அம்மாவும் அப்பாவும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள் என்பது மெல்ல வெளிவரும்.

இந்தப் பார்வையில் ஓர் ஆபத்தும் உண்டு. குடும்பத்தைப் பார் என்றால் பலருக்கு அம்மாவைத் திட்டு என்றே காதில் விழுகிறது. ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் பாசமின்மை என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967இல் புத்தகமே எழுதினார். அது தப்பு என்பது நிரூபணமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றும் மாமியார் வீட்டில் அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டுதான் பல தாய்மார்கள் என் முன்னால் வந்து உட்கார்கிறார்கள். குணமாவதில் வீட்டுக்குப் பங்கு உண்டு என்பது வேறு, நோய்க்கு வீடுதான் குற்றவாளி என்பது வேறு.

இந்த வித்தியாசம் நம் ஊருக்குப் புதிதல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950களிலேயே நோயாளிகளின் சொந்தக்காரர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது பல பத்தாண்டுகளாக நடைமுறை. அங்கே தங்குபவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல. கூட நின்று வேலை செய்பவர்.

ஆனாலும் தங்க வருவது, ஆலோசனைக்கு வருவது, லீவு போடுவது எல்லாம் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பாக்கள் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் போன் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். அப்பாக்களே, அடுத்த முறை வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வாருங்கள்.