கழித்துக் கட்டுதல்

வீட்டை ஒதுங்க வைக்கிறவன் விமர்சனத்தில் இறங்குகிறான். எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிப்பது மதிப்பீடு. எந்த அளவுகோலைக் கொண்டு இதைச் செய்கிறாய் என்று மதிப்பிடுகிறவனைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கவிதைத் தொகுப்பு வெளியிடுகிறவனிடம் இதைக் கேட்கிறோம். கார்ஷெட்டைக் காலி செய்கிறவனிடம் கேட்பதில்லை.

பாளையங்கோட்டைத் தெருக்களில் காருக்கென்று கட்டிய ஷெட் பலவற்றில் கார் இல்லை. அது உறை போர்த்திக்கொண்டு தெருவில் நிற்கிறது. உள்ளே கால் ஒடிந்த நாற்காலி, டிரங்குப்பெட்டி, அண்டா, குழவி போய்விட்ட ஆட்டுரல், தொட்டில் கம்பு, பெயின்ட் டப்பாக்கள், தாத்தாவின் கையெழுத்தில் பாட்டக் கணக்கு நோட்டுகள். பழைய வீடுகளில் மச்சும் அரங்கும் செய்த வேலையை ஷெட் செய்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கதவைத் திறக்கிறார்கள். பழைய பேப்பர்காரர் தராசோடு வருகிறார். அரை நாளில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

தீர்ப்புக்கு இரண்டு அளவுகோல்கள். இது உபயோகப்படுமா என்பது பழையது. இதைக் கையில் எடுத்தால் எனக்குச் சந்தோஷம் உண்டாகிறதா என்பது புதியது. 2011இல் ஜப்பானில் வெளிவந்த மரி கோண்டோவின் புத்தகத்தால் உலகமெங்கும் பரவியது. எறிவதற்கு முன் பொருளுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார் அந்த அம்மாள். அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஆனால் இரண்டு அளவுகோல்களுக்கும் மையம் ஒன்றேதான்: நான், இன்று. என்னிடம் வருவதற்கு முன்பும் என்னை விட்டுப் போன பின்பும் பொருளுக்கு ஆயுள் உண்டென்ற பிரக்ஞைக்கு இவற்றில் இடமில்லை.

இந்தப் பிரச்சினையைத் திருநெல்வேலிச் சீமை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. 1889இல் வெளியான பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ.வே. சாமிநாதையர் இப்பக்கம் ஏடு தேடி அலைந்தார். அந்த அலைச்சல்களை ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியனின் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்பது விதியாம். அதனால் நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டோம் என்கிறார்கள். திருநெல்வேலி வக்கீல் ஒருவர் வீட்டில் குவிந்து கிடந்த சுவடிகளை, எடுத்துப் பார்க்க ஆளில்லை என்பதால், ஆடிப் பதினெட்டன்று தேர் மாதிரி கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். அது சம்பிரதாயம் என்று சொல்லப்பட்டது.

இதைப் படிக்கிற தமிழ் அபிமானி கொதிக்கிறான், மூடர்கள் என்கிறான். எனக்கு அவ்வளவு சுலபமாகக் கோபம் வரவில்லை. அவர்களிடம் அலட்சியம் இல்லை. நெய்யும் தேரும் மரியாதையின் அடையாளங்கள்; நம் பழைய பேப்பர்காரரின் தராசில் அந்த மரியாதைகூடக் கிடையாது. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஓலை நிரந்தரமானதல்ல. நன்றாகப் பேணினாலும் சில நூறு ஆண்டுகளில் பொடியும். ஆகவே புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுத்த பின் பழையதை நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பதில் குற்றமென்ன? கழிப்பது ஒரு கடமையின் பின்பாதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் யூகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்து படிப்பின் முறையும் மாறியபோது படியெடுக்கிற முன்பாதி உதிர்ந்தது. பின்பாதி மட்டும் சம்பிரதாயம் என்ற பெயரில் தொடர்ந்து நடந்தது. ஏடுகள் அழிந்தது இந்த இடைவெளியில்தான்.

அப்படியானால் எதையும் எறியாதே என்பதா? அதுவும் பொய்யான தர்மம். ஒருவரும் திறக்காத மச்சில் ஏட்டைக் கரையான்தான் படிக்கிறது. எறிய மறுப்பவன் தீர்ப்பைக் கரையானிடம் ஒப்படைக்கிறான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, தாமிரபரணி கரைமீறித் தெருக்களுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபின் வாசல்களில் குவிந்து கிடந்தவற்றில் பத்திரம் எது, குப்பை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே பிரதி, ஒரே இடம் என்றிருந்தவை அதோடு முடிந்தன.

அதே சாமிநாதையர் திருநெல்வேலிக் கவிராஜர் வீட்டையும் வர்ணிக்கிறார். அங்கே சுவடிகள் ஒன்றோடொன்று கலவாமல், புழுதியும் பூச்சியுமில்லாமல் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. ஒழுங்கு என்று நான் மதிப்பது இந்த அறிவைத்தான். தரை காலியாகத் தெரிவது வேறு விஷயம்.

நான் வேலை பார்க்கும் வங்கித் துறையில் இதற்கு ஒரு விதி உண்டு. 1985ஆம் வருஷத்து விதிகளின்படி சில ஆவணங்களை ஐந்து ஆண்டுகளும் சிலவற்றை எட்டு ஆண்டுகளும் காக்க வேண்டும். வறண்ட விதிதான். ஆனால் அதன் அடியில் ஒரு தார்மீகம் இருக்கிறது: நாளை யாரோ வந்து கேட்கக்கூடும். குமாஸ்தாவின் சந்தோஷத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டில் இல்லாமற்போனது இந்த நாளை வரப்போகிறவன்தான்.

ஆகவே ஷெட்டைக் காலி செய்கிறவனிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். கட்டைப் பிரித்துப் பார். இன்னதென்று தெரிந்துகொள். வேண்டுமென்பவர் உண்டா என்று நாலு பேரிடம் கேள். ஒரே பிரதியானால் படியெடு. கையிலிருக்கிற போனில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் ஆகாது. பிறகு எறி. ஆட்டுரலுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. பாட்டக் கணக்கு நோட்டு வேறு ஜாதி: ஒரு கிராமத்தில் யார் யாருக்கு எத்தனை கோட்டை நெல் அளந்தான் என்பது வேறெங்கும் எழுதியிராது.

இதைப் படிக்கிற நம்மில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு மூலை இருக்கிறது. 1959லிருந்து 1970வரை செல்லப்பா நடத்திய ‘எழுத்து’, அதற்குப் பின் வந்து நின்றுபோன எத்தனையோ பத்திரிகைகள், கடிதங்கள், கைப்பிரதிகள் எல்லாம் அங்கே கட்டாகக் கிடக்கின்றன. நமக்குப் பிறகு அந்த மூலையை நம் பிள்ளைகள் ஒதுங்க வைப்பார்கள். உபயோகம், சந்தோஷம் ஆகிய இரண்டு கேள்விகளிலும் நம் கட்டுகள் தேறாது. அவர்கள் எறிந்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எந்தக் கட்டில் என்ன இருக்கிறது, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டுவது நம் வேலை. அதை இப்போதே செய்யலாம்.