மூளையின் மீது பழி

'ஆண் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அது பிறவிச் சுபாவம்' என்று நம் இல்லங்களில் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது அதே பேச்சு விஞ்ஞான உடை தரித்து வருகிறது. ஆண் மூளையின் அமைப்பே வேறு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு அவனை அப்படி நடத்துகிறது, ஆகவே அவனைக் குறை கூறிப் பயனில்லை என்கிறார்கள். முன்பு விதியின் மீது சுமத்திய பழியை இன்று மூளையின் மீது சுமத்துகிறோம். இது வெறும் வாதப் பொருள் அன்று. ஒரு வீட்டில் மனைவியும் மக்களும் அச்சமின்றி வாழ்வார்களா என்பது இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது.

வேறுபாடுகளே இல்லை என்று சாதிப்பது நேர்மையாகாது. சராசரியாக ஆணின் மூளை பெண்ணினுடையதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு பெரியது. ஆனால் 2015-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயலும் சக ஆய்வாளர்களும் 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன் படங்களைப் பரிசீலித்தபோது, எல்லாப் பகுதிகளிலும் முற்றிலும் ஆண் தன்மையோ முற்றிலும் பெண் தன்மையோ கொண்ட மூளை அரிதாகவே தென்பட்டது. பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்திருந்தன. இதைக் குறித்து அறிஞரிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. அர்த்தநாரீசுவர வடிவத்துக்கு இது சான்று என்று சிலர் மகிழக்கூடும்; அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது பிலிப்பைன்ஸ் நாட்டின் சேபுவில் நடந்த ஆய்வு. அங்கே 624 இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவை 2005-இலும், மீண்டும் 2009-இலும் அளந்தார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. மணமாகாத இளைஞர்களுள் இந்தச் சுரப்பு மிகுந்திருந்தவர்களே பின்னர் இல்லறம் புகுந்து தந்தையாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தந்தையான பின் அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பராமரித்தவர்களிடம், அப்பணியில் ஈடுபடாத தந்தையரைவிட அது குறைவாகவே காணப்பட்டது. சுரப்பு மனிதனை ஆட்டுவிக்கிறது என்பது பாதி உண்மைதான். அவன் ஏற்றுக்கொண்ட வாழ்வும் அந்தச் சுரப்பின் மீது செயல்படுகிறது. 2014-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், முதன்மைப் பொறுப்பேற்றுக் கைக்குழந்தையை வளர்த்த தந்தையரின் மூளையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி தாய்மாரைப் போலவே கிளர்ந்தெழுந்தது.

விபத்தாலும் நோயாலும் மூளை சிதைந்தவர்களின் நிலை வேறு. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதை வேலையின்போது இரும்புத் தண்டு மண்டையைத் துளைத்துச் சென்ற ஃபினியஸ் கேஜின் குணமே மாறியதாக மருத்துவர் பதிவு செய்தார். அத்தகையோருக்கு வேண்டியது சிகிச்சை, கண்டனம் அன்று.

நாம் பேசுவது நலமுள்ள மனிதனைப் பற்றி. அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்டால் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பணிவாக நிற்கிறான். மாலையில் குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டை வீசுகிறான். காலையில் அடங்கிய மூளையும் மாலையில் சீறிய மூளையும் ஒன்றே. அடக்கும் ஆற்றல் அவனிடம் இல்லாமல் இல்லை. எங்கே அடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டியதில்லை என்று அவன் கணக்கிட்டு வைத்திருக்கிறான். அந்தக் கணக்குக்கு எந்தச் சுரப்பியும் பொறுப்பேற்காது.

தன்னை மீறிய வேகத்தைப் பற்றி அர்ஜுனனும் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் வினவுகிறான். கண்ணன் அந்த வேகத்தை மறுப்பதில்லை. ஆசையும் சினமுமாகிய அது ரஜோ குணத்தில் பிறப்பது என்கிறான். ஆகவே நீ பொறுப்பாளி அல்லன் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. புலன்களை முதலில் வசப்படுத்தச் சொல்கிறான்.

நெற்றிக்குப் பின்னால், உந்துதலைத் தடுத்து நிறுத்த உதவும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இது ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. தங்கையை அடித்த சிறுவனைப் பார்த்து 'ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான்' என்று சிரிக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் அந்த மூளைக்குத்தான் நாம் பாடம் நடத்துகிறோம். அழும் பேரக்குழந்தையை மகன் தூக்கப் போனால், 'உனக்கெதற்கு இதெல்லாம்' என்று கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் பாட்டிமாரும் இன்னும் இருக்கிறார்கள். சேபு இளைஞர்களின் கதையை யாரேனும் அவர்களிடம் எடுத்துச் சொன்னால் நல்லது.