புது ரொட்டியும் பிறர் இரவும்

உல்லாசக் கப்பலைப் பரிகசித்து எழுதுவது சுலபம். நடுக்கடலில் சூதாட்ட மண்டபம், பனிச்சறுக்கு அரங்கம், எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரே சாயலில் ஒரு கடைவீதி – பரிகாசம் தானாகவே வந்துவிடுகிறது. டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1996-ல் ‘ஹார்ப்பர்ஸ்’ பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகு அந்த வழியில் சொல்ல அதிகம் மிச்சமில்லை. கேட்கும் முன்பே எல்லாம் கிடைக்கும்போது மனிதனுக்குள் இருக்கும் குழந்தை அடங்குவதில்லை, இன்னும் உரக்க அழுகிறது என்பதை அவர் பார்த்துவிட்டார்.

ஆனால் பரிகாசம் செல்லுபடியாகாத ஓர் இடம் அந்தக் கப்பலிலும் இருக்கிறது. காலையில் ரொட்டி வைக்கும் மேஜை. கரீபியன் கடலில் ஏழு நாட்கள் அப்படியொரு கப்பலில் இருந்தேன். நீர்வீழ்ச்சி போலி, துறைமுகக் கடைவீதி போலி, விருந்து மண்டபத்துப் பளிங்குத் தூண்களும் போலி. ரொட்டி மட்டும் போலி அல்ல. மேல்தோல் ஆறும்போது எழுகிற மெல்லிய வெடிப்புச் சத்தம். பிட்டவுடன் கிளம்பும் ஆவி. வெண்ணெய் உருகி உள்ளே இறங்குவது. இது நல்ல ரொட்டி, மிக நல்ல ரொட்டி. நம் விமர்சன புத்தி இந்த இடத்தில் செயலற்றுப்போகிறது. போலியான இன்பத்தை மறுக்க நமக்குத் தெரியும். மெய்யான இன்பத்தை என்ன செய்வது?

புதிது என்பதை ரொட்டியின் ஒரு குணமாக நாம் நினைக்கிறோம், உப்பைப் போல, நிறத்தைப் போல. அது குணமல்ல, காலம். ரொட்டி பழசாவது காய்ந்துபோவதனால் என்ற பொது நம்பிக்கையை 1852-லேயே பூஸாங்கோ என்ற பிரெஞ்சு ரசாயனி கலைத்துவிட்டார். ஈரம் வெளியேறாதபடி மூடிவைத்தாலும் ரொட்டி பழசாகத்தான் செய்கிறது. வெந்தபோது குலைந்த மாவுச்சத்து, ஆறத் தொடங்கிய கணத்திலிருந்து மெல்ல மெல்ல மீண்டும் இறுகி ஒழுங்குபடுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது இன்னும் துரிதமாக நடக்கும். சூடுகாட்டினால் கொஞ்ச நேரம் இளமை திரும்பும், பிறகு முன்னைவிட மோசம். மணம் இன்னும் அற்பாயுசு. அந்த மேல்தோலின் வாசத்தில் முக்கியப் பங்கு வகிக்கிற பொருள்தான் பாஸ்மதி அரிசியிலும் ரம்பை இலையிலும் இருக்கிறது என்று படித்தபோது ஆச்சரியமாக இல்லை. அந்த மேஜையருகே நின்றபோது சோறு வடிக்கும் வீடு ஏன் ஞாபகம் வந்தது என்பதற்குக் காரணம் கிடைத்த திருப்திதான் ஏற்பட்டது.

ஆகவே காலை ஆறரை மணிக்கு ரொட்டி புதிதாக இருக்கிறது என்றால் அதற்குப் பொருள் ஒன்றே. நள்ளிரவில் யாரோ மாவு பிசைந்திருக்கிறார், மூன்று மணிக்கு யாரோ அடுப்பருகே நின்றிருக்கிறார். புதுமை என்பது இன்னொருவர் விழித்திருந்ததன் தடயம்.

பழைய கப்பல்களில் இந்தச் சிக்கல் எழவில்லை. 1677-ல் பெப்பீஸ் வகுத்த ஒழுங்கின்படி ஆங்கிலக் கடற்படை மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு காலன் பியர். இரண்டு முறை சுட்டது என்பதே பிஸ்கட் என்ற சொல்லின் மூலப்பொருள். அது கரையில் சுடப்பட்டு, மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து, வண்டு வைத்து, மேஜையில் தட்டித் தின்னப்பட்டது. கடல் என்றாலே பழைய ரொட்டி என்று இருந்தது. அந்தக் கடலின் நடுவில் சுடச்சுட ரொட்டி வைப்பதுதான் இன்றைய உல்லாசக் கப்பலின் உண்மையான பெருமிதம். நீர்வீழ்ச்சியைவிடப் பெரிய ஜாலம் இதுதான்.

கோதுமையை ருசித்துப் பார்த்து அதை விளைவித்தவன் ருஷ்யப் பண்ணையடிமையா, பிரெஞ்சுச் சிறுவிவசாயியா, ஆங்கில முதலாளியா என்று சொல்ல முடியாது என்று மார்க்ஸ் 1859-ல் எழுதினார். பொதுவாக இது சரி. ஆனால் புது ரொட்டியைப் பொறுத்தவரை முழுதும் சரியல்ல என்று எனக்குப் படுகிறது. யார் செய்தார் என்பதை ருசி சொல்லாது. எப்போது செய்தார் என்பதைச் சொல்லிவிடும். அந்த ‘எப்போது’ என்பதில் ஒரு மனிதனின் உறக்கம் அடங்கியிருக்கிறது. மார்க்ஸே பிற்பாடு ‘மூலதனத்’தில் லண்டன் ரொட்டித் தொழிலாளர்களின் இரவை, பதினோரு மணிக்குத் தொடங்கும் அவர்களுடைய வேலையை, பக்கம் பக்கமாக எழுத வேண்டிவந்தது.

பாரிஸ் கம்யூன் இரண்டு மாதமே வாழ்ந்தது. அதற்குள், 1871 ஏப்ரல் 20-ஆம் தேதி, ரொட்டிக் கடைகளில் இரவு வேலையை நிறுத்தி ஓர் ஆணை பிறப்பித்தது. கம்யூனுக்குள்ளேயே ஆட்சேபம் வந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நாம் ஏன் புக வேண்டும் என்றார்கள் சிலர். நகைத் தொழிலாளியான லியோ ஃபிராங்கெல், கம்யூன் போட்ட ஆணைகளில் மெய்யாகவே சோஷலிச ஆணை இது ஒன்றுதான் என்று வாதாடினார். மே மாதக் கடைசியில் கம்யூன் ரத்தத்தில் முடிந்தது. பிரான்சில் இரவு பத்து முதல் காலை நான்கு வரை ரொட்டி வேலை கூடாது என்ற சட்டம் வர 1919 ஆயிற்று. 1925-ல் ஜெனீவாவில் உலகத் தொழில் ஸ்தாபனம் இதையே ஓர் ஒப்பந்தமாக்கியது. கடை முதலாளிகூட இரவில் ரொட்டி சுடக்கூடாது என்றது அது. மொத்தமாக பிஸ்கட் தயாரிப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பிஸ்கட் காத்திருக்கும் அல்லவா. அந்த ஒப்பந்தம் அதிகம் பேரால் மதிக்கப்படவில்லை, பிற்பாடு அலமாரிக்குப் போய்விட்டது.

இந்தச் சட்டங்களில் என்னைக் கவர்வது அவை கேட்டதன் சிறுமை. ரொட்டியை விடு என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதெல்லாம் சில மணி நேரம். காலை ஆறு மணிக்குத் தின்பதை ஒன்பது மணிக்குத் தின்னலாமா, அல்லது ஆறு மணிக்கே நேற்று மாலை சுட்டதைத் தின்னலாமா? நம் மரபு போகத்தைப் பற்றியும் துறவைப் பற்றியும் வேண்டிய அளவு பேசியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் தாமதம் என்று ஒன்று இருப்பதை அது பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. (பழையது தின்னும் ஜனங்கள் நாம், சோறும் நீரும் தாமாக இரவெல்லாம் வேலை செய்கின்றன, யாரும் விழித்திருக்க வேண்டாம் என்று ஒரு நண்பர் பெருமைப்பட்டார். தோசை மாவையும் சேர்த்துக்கொண்டார். மாவை ஆட்டியது யார், ஓட்டலில் விடியுமுன் கல்லருகே நிற்பது யார் என்று கேட்டேன். பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிற்று.)

கப்பலுக்கு வருவோம். 2013 முதல் அமலில் இருக்கும் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஒரு கப்பல் ஊழியரின் வேலைக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு நாளில் 14 மணி நேரம், வாரத்தில் 72 மணி நேரம். அல்லது அதற்கு ஈடான குறைந்தபட்ச ஓய்வு. இது மீறல் அல்ல, சட்டம். பயணிகளின் தளங்களுக்குக் கீழே கப்பலின் நீளத்துக்கும் ஒரு நடை ஓடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் பல கப்பல்களில் அதை ‘ஐ-95’ என்கிறார்கள். மாவு மூட்டையும் அழுக்குத் துணியும் உறங்கப்போகிற மனிதர்களும் அதன் வழியாகத்தான் போகிறார்கள். அந்த நடையை நாம் பார்க்கவே முடியாதபடி கப்பலின் கட்டுமானம் அமைந்திருக்கிறது. ஊரில் பேக்கரிக்காரரின் வீங்கிய கண்ணையாவது காலையில் பார்க்கிறோம்.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று: விரும்பித்தானே வருகிறான், ஊரில் கிடைப்பதைவிட அதிகம் சம்பாதிக்கிறான். இருக்கலாம். ஆனால் இது அவன் ஏன் வருகிறான் என்பதற்குப் பதில். நான் ஏன் ஆறரை மணிக்கே கேட்கிறேன் என்பதற்கு அல்ல. மற்றது, நம் வட்டத்தில் பிரபலமான குற்ற உணர்வு. முதலாவதைவிட இதுதான் எனக்கு அருவருப்பு. தின்றுகொண்டே வருந்துகிறவன் தன் ரொட்டியில் இன்னொரு ஜாம் தடவிக்கொள்கிறான். அடுப்படியில் நிற்பவனின் இரவு அதனால் ஒரு நிமிஷம்கூடக் குறைவதில்லை. சந்தோஷமாகத் தின்பவனாவது ரொட்டிக்கு மரியாதை செய்கிறான்.

நான்காம் நாள் காலை, மேஜையருகே நின்ற பணியாளரிடம் நேற்றைய ரொட்டி இருக்குமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் முகம் வெளிறியது. எனக்குப் பரிமாறிய ரொட்டி பழசு என்று நான் புகார் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். மேற்பார்வையாளர் வந்தார், மன்னிப்புக் கேட்டார், ஐந்து நிமிஷத்தில் கைசுடும் ஒரு ரொட்டி என் தட்டுக்கு வந்தது. இன்றைய ரொட்டியை மறுக்கும் வார்த்தை அந்தக் கப்பலின் பாஷையில் இல்லை. நேற்றைய ரொட்டியில் ஒரு பகுதி புட்டிங்காக மறுபிறவி எடுக்கும்; மிச்சம், உணவுக் கழிவை இருபத்தைந்து மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குமளவு அரைத்துக் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் கொட்டலாம் என்ற விதிப்படி மீன்களுக்குப் போகும். கரீபியனுக்கு விதி அது.

அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், கப்பல் இரண்டும் ஒன்றாக வருகிற கதை நம்மிடம் ஒன்று இருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் அமுதசுரபியோடு சாவகத்துக்குக் கப்பலேறுகிறான், அங்கே பஞ்சம் என்று கேள்விப்பட்டு. வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டு இரவில் கப்பல் போய்விடுகிறது. ஆளற்ற தீவு, வற்றாத பாத்திரம். தான் ஒருவன் மட்டும் அதிலிருந்து தின்று உயிர்வாழ அவனுக்கு மனம் இல்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான். இதைத் தியாகம் என்று பாடம் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது ஒரு துல்லியமான புத்தியாகத்தான் தெரிகிறது. பசி இல்லாத இடத்தில் அந்தப் பாத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அவன் யோசித்தான். நாலாயிரம் பேர் பசி வருமுன்பே தின்று முடிக்கும் தளத்தில் அந்த யோசனைக்கு இடம் இல்லை.

ரொட்டி செய்பவர் கண்ணுக்குத் தெரிவது கப்பல் கெடும்போதுதான் போலும். எனக்குப் பெயர் தெரிந்த ஒரே கப்பல் ரொட்டிக்காரர் சார்ல்ஸ் ஜாஃகின், 1912-ல் டைட்டானிக்கில் தலைமை ரொட்டிக்காரர். கப்பல் மோதியபின், உயிர்ப் படகுகளுக்காகத் தன் ஆட்கள் பதின்மூன்று பேரையும் ஆளுக்கு நான்கு ரொட்டியோடு மேலே அனுப்பினார் என்பது விசாரணையில் அவர் சொன்ன சாட்சியம். அவர் பிழைத்தார். 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்ஸஸ் கப்பல் 3711 பேரோடு யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்டது. பயணிகள் அறைக்குள்ளேயே இருக்க உத்தரவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அப்படி உத்தரவு இல்லை. அவர்களில் 132 பேர் இந்தியர்கள். அவர்கள் சமைத்தார்கள், சேர்ந்து தின்றார்கள், பகிர்ந்த அறைகளில் தூங்கினார்கள், மூன்று வேளையும் ஒவ்வொரு கதவாகத் தட்டி உணவுத் தட்டைக் கொடுத்தார்கள். ஊழியர்களில் முதலில் நோய் உறுதியான இருபது பேரில் பதினைந்து பேர் உணவு வேலை செய்தவர்கள். அப்புறமும் தட்டுகள் வருவது நிற்கவில்லை.